கூப்பிட்டுப் பார்த்த பேர்

மிளகாய் வறுப்பதென்றால் ஜெகதீஸ்வரி முதலில் கதவு யன்னல்களைத்தான் பார்ப்பாள். பல்கனிக் கதவை இழுத்து உட்தாழ்ப்பாளைப் போடுவாள். குசினி யன்னலைச் சாத்தி, பழைய சேலைத் துண்டொன்றை இடுக்கில் அடைப்பாள். வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்துத் தூள் தின்ன ஆசைப்படுகிறவர்களுக்கு வேறு வழி கிடையாது. குடிவந்த புதிதில் ஒருநாள் யன்னலைத் திறந்துவைத்து வறுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா தும்மித் தும்மிக் கண்ணீரோடு வந்து கதவைத் தட்ட, கீழ் மாடிவரைக்கும் சனம் இருமித் தள்ளியது. அன்றோடு அந்த வீட்டில் வறுவல் என்றால் எல்லாம் சாத்திய வறுவல்தான்.

சண்டையில் யாழ்ப்பாணத்துப் பாதை மூடிக் கிடந்ததில் அவளுடைய தூளுக்கு நல்ல கிராக்கி. காலி வீதியோரத்து லொட்ஜுகளில் ஊர் திரும்பப் பாஸுக்கும் வெளிநாடு போக விசாவுக்கும் காத்திருந்த சனங்களுக்கு வேறு எது இல்லாவிட்டாலும் நாக்கு இருந்தது. மல்லி, மிளகாய், சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கருவேப்பிலை என்று பதம் பார்த்து வறுத்து, மில்லில் கொடுத்துத் திரித்து, பைகளில் அடைத்து விற்றாள். கை ஓயாத வேலை. ஓய்ந்தால் யோசனை வந்துவிடும் என்பதால் அவளும் ஓயவிடுவதில்லை.

அந்த வறுவலில்தான் வில்லங்கம் இருந்தது. கதவெல்லாம் சாத்தி, தாச்சி சூடேறி, மிளகாய் கறுக்கத் தொடங்குகிற நேரம் பார்த்துக் கீழே ஒழுங்கையில் ஒரு ஆண் குரல் கூப்பிடும். கூப்பிடுகிறது என்பது தெரியும். என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்பது மட்டும் பிடிபடாது. அகப்பையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறப்பாள். ஒழுங்கை வெறிச்சோடிக் கிடக்கும். இந்தப் பக்கம் தேங்காய்க் கடை, அந்தப் பக்கம் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். திறந்த கதவால் கடற்காற்றுத்தான் வரும். திரும்பச் சாத்தினால் திரும்பக் கூப்பிடும்.

அவள் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அங்கொடைப் பைத்திய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்று பயந்தாள். பிறகு அந்தப் பயமும் விட்டுப்போய், ஓடர் இல்லாத நாளிலும் வறுக்கத் தொடங்கினாள். விற்காத தூள் ரின் ரின்னாகச் சேர்ந்து கட்டிலுக்குக் கீழே போனது. அவளுக்கு அந்தச் சொல் வேண்டும். புருஷன் கடைசியாகக் கூப்பிட்ட சொல் அது.

புருஷன் நாகேந்திரம் இன்சூரன்ஸ் கொம்பனியில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவர். பொழுதுபோக்குக்குக் கதை எழுதுகிறவர் என்று சொன்னால் கோபம் வரும். பொழுதுபோக்குக்குத்தான் கந்தோருக்குப் போனவர் என்று திருத்துவார். பிள்ளை இல்லாத வீட்டில் பேர் வைக்கிற ஆசையை அவர் புத்தகத்தில் தீர்த்துக்கொண்டார். அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது, விசர் முறை. கீழே இறங்கிப்போய், வாசல் கேற்றில் நின்று, மேலே நிமிர்ந்து, ஆளைக் கூப்பிடுகிற மாதிரி அந்தத் தலைப்பைக் கூப்பிடுவார். வீடு நாலாவது மாடி. கொழும்பில் விசாரணைக்குக் கொண்டுபோகிற இடத்துக்கும் அதே பேர் இருந்ததால் தமிழர் வாயால் சொல்ல விரும்பாத மாடி அது. இவர்கள் "மேல்மாடி" என்று சமாளித்துக்கொள்வார்கள். அந்த மேல்மாடிக் குசினியில் நிற்கிற மனுசி, கூப்பிட்ட குரலுக்குத் தன்னை அறியாமல் பல்கனிக்கு வரவேண்டும். வந்தால் அது பேர். வராவிட்டால் கிழித்துப் போடுவார்.

முதல் புத்தகத்துக்கு "விடியலின் விளிம்பில் ஒரு விசும்பல்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். ஜெகதீஸ்வரி அசையவில்லை. தேங்காய்க் கடை முதலாளிதான் எட்டிப் பார்த்து, ஏதோ சாமான் விற்கிறார் என்று நினைத்து, "கீயத மாத்தயா?" என்று விலை கேட்டான். பிறகு ஒருநாள் "கேற்றடி!" என்று கூப்பிட்டார். ரயில் கேற்றடியில் கடலை விற்கிறவர்களின் கதைகள் அவை. ஜெகதீஸ்வரி அகப்பையும் கையுமாகப் பல்கனிக்கு ஓடிவந்தாள். கீழே நின்று அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

சண்டை திரும்பத் தொடங்கியதோடு இந்த விளையாட்டுக்கு அவள் தடை போட்டாள். பஸ்ஸில் தமிழ்ச் சனம் வாய்க்குள் கதைக்கிற காலம். அவரும் அடங்கித்தான் இருந்தார். புதிய புத்தகத்தின் கதைகளெல்லாம் கொட்டாஞ்சேனையில் மஜீட்டின் அச்சகத்துக்குப் போய்விட்டன. பேர் மட்டும் கிடைக்கவில்லை. மாதக்கணக்காக அதற்கு அலைந்தார். போன மாசியில் ஒரு மத்தியானம், கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்தவர் குசினி வாசலில் நின்றார்.

"இஞ்சாரும், பேர் கிடைச்சிட்டுது."

"என்ன பேர்?"

"புத்தகத்தின்ர பேர். அசல் பேர். கீழ போய் ஒருக்காக் கூப்பிடுறன். நீர் வேலையைப் பாரும். காதில விழுந்தா வாரும்."

"விசரே உங்களுக்கு? ரோட்டில நிண்டு தமிழில கத்துற காலமே இது? இஞ்ச நிண்டு சொல்லுங்கோவன், கேக்கிறன்."

"இஞ்ச நிண்டு சொன்னா அது கதை. அங்க நிண்டு கூப்பிட்டாத்தான் பேர்."

"மிளகாய் அடுப்பில கிடக்கு. பல்கனியைத் திறந்தா முழு மாடியும் சண்டைக்கு வரும்."

"ஒருக்காத்தான். இந்தா வந்திட்டன்."

போய்விட்டார். அவள் கதவைத் திறக்கவில்லை. மிளகாய் பதம் தவறினால் தூள் கைக்கும். புகை கண்ணில் ஏற அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே ஏதோ சத்தம் வந்ததுதான். ரயிலும் போனது. தாச்சியை இறக்கிவைத்துக் கதவைத் திறந்தபோது கேற் திறந்து கிடந்தது, ஒருவரையும் காணவில்லை. தேங்காய்க் கடை முதலாளி பட்டப்பகலில் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டு மூடிக்கொண்டிருந்தான். வெள்ளை வான் வண்டியொன்று வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனதென்று அவன்தான் சொன்னான். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாதாம்.

பொலிசில் புருஷனின் பேரைக் கேட்டார்கள். அவளுக்கு வாய் வரவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை. அவளுடைய ஊர்ப் பெண்களின் பழக்கம் அப்படி. புருஷனைக் கூப்பிட வேண்டுமென்றால் இங்கே பாருங்கள் என்கிற மாதிரி "இஞ்சாருங்கோ" என்பார்கள், அவரும் அவளை "இஞ்சாரும்" என்றே கூப்பிடுவார். பேரே தெரியாமல் புருஷனைத் தேடிவந்திருக்கிறாள் என்று சிங்களத்தில் சொல்லி அங்கிருந்த ஒருவன் சிரித்தான். அவருடைய அடையாள அட்டைப் பிரதியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

ஆண்டு திரும்பப்போகிற நேரம், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தெஹிவளையிலிருந்து அவருடைய தமையன் கதிர்காமநாதன் வந்தார். அச்சகத்து மஜீட்டையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஜெகதீஸ்வரி இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்தாள். கதிர்காமநாதன் ஒரு இடியப்பத்தைப் பிய்த்தபடியே நெடுநேரம் இருந்தார்.

"பிள்ளை, வருசம் முடியப்போகுது," என்றார். "புத்தகத்தை நினைவு மலராப் போட்டு, திவசத்தண்டு குடுப்பம். 'அமரர் நாகேந்திரம் நினைவுக் கதைகள்' எண்டு பேர். படத்துக்குக் கீழ ஒரு குத்துவிளக்கு."

"ஆர் அத்தான் சொன்னது அவர் உயிரோட இல்லை எண்டு?"

"ஆரும் சொல்லேல்லை. ஒருத்தரும் சொல்லவும் மாட்டினம். அதுதானே பிள்ளை கஷ்டம்." தட்டைத் தள்ளிவைத்தார். "எனக்கும் வயசு போகுது. தம்பிக்கு ஒரு எள்ளுத்தண்ணி இறைக்காமல் நான் கண்ணை மூடேலாது."

அவர் மீது கோபப்படவும் அவளால் முடியவில்லை. நெற்றிப் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அட்டையில் 'அமரர்' என்ற ஒரு சொல் விழுந்தால் பொட்டும் போய்விடும், ஆளும் போய்விடும். இதுவரைக்கும் அரசாங்கமே சொல்லாததை மனுசியின் புத்தகம் சொன்னதாகிவிடும்.

"புத்தகத்துக்கு அவர் பேர் கண்டுபிடிச்சவர், அத்தான். அதைக் கூப்பிடத்தான் கீழ போனவர். அந்தப் பேரைத்தான் போடவேணும்."

"அது ஆருக்குத் தெரியும்?"

"கண்டுபிடிக்கிறன்."

மஜீட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

"அக்கா, ஒண்டு சொல்றேன், கோவிச்சுக்க வேணாம். அண்ணன் சொன்ன பேரை ஒரு தாளில அடிச்சுப் பாத்தோம். மத்த எழுத்தெல்லாம் நல்லா விழுந்திச்சு. அமரர் எண்ட எழுத்து மட்டும் விழல்ல. அந்த எடம் வெள்ளையாவே கெடக்குது."

"பிளேட் பழுதாயிருக்கும்," என்றார் கதிர்காமநாதன்.

"பிளேட் புதுசு அண்ணன். மாத்தியும் பாத்தாச்சு. பொடியன்மார் இப்ப அந்த அட்டையத் தொடப் பயப்படுறாங்க."

கதிர்காமநாதன் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினார். "மாசி பிறக்கட்டும். அதுக்குள்ள பேர் வந்தா அந்தப் பேர். வராட்டி நான் சொன்ன பேர்தான், பிள்ளை. என்னை வற்புறுத்தாதையும்," என்றார்.

அடுத்த நாள் ஜெகதீஸ்வரி தூள் பையொன்றை எடுத்துக்கொண்டு கீழ்மாடிக்கு இறங்கினாள். அங்கே ருக்கியா இருந்தாள். புருஷன் ஹமீட் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தார். அவர்களுடைய முன்னறை யன்னல் ஒழுங்கையைப் பார்த்தது. கேற்றில் நிற்கிறவன் மூச்சு விட்டாலும் கேட்கும். முன்பெல்லாம் அந்த யன்னலில் இருந்துதான் ருக்கியா ஊர்க்கதை கதைப்பாள். ஒரு வருசமாக அது சாத்திக் கிடந்தது. உள்ளே புழுக்கத்தில் ருக்கியா கீரி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன அக்கா, திரும்பத் தூளா? போன மாசம் தந்ததே முடியல்ல."

"ருக்கியா, ஒண்டு கேக்கிறன். மறைக்காமச் சொல்லு. அண்டைக்கு அவர் கூப்பிட்ட பேர் என்ன?"

"எந்தப் பேர்? நான் தூங்கினேனே அக்கா. பொலிசுக்கும் அப்பிடித்தானே சொன்னேன்."

"நித்திரை கொண்டவள் ஏன் ஒரு வருசமா யன்னலைச் சாத்தி வைச்சிருக்கிறாய்? இந்த வெக்கையில?"

ருக்கியாவின் கை நின்றது. கத்தியைச் சட்டிக்குள் போட்டாள். கையைக்கூடக் கழுவாமல் முழங்கையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"பொய் சொன்னேன் அக்கா. அல்லா என்ன மன்னிக்கணும். ஹமீட் சொன்னார், வாயத் தொறந்தா நம்ம வாசலுக்கும் வேன் வரும் எண்டு. நான் இந்த யன்னல்லதான் நிண்டேன். அவர் கேற்றடிக்கு வந்தார். சிரிச்ச முகம். தொண்டையச் செருமிட்டு மேல பாத்தார். வாய் தொறக்க முந்தி வேன் வந்து நிண்டிச்சு. பேர் கேட்டாங்க, சொன்னார். தோள்ல கை போட்டாங்க. அப்பதான் கூப்பிட்டார்."

"என்னெண்டு?"

"இஞ்சாரும் எண்டு. மொதல் மெல்ல, வீட்டுக்குள்ள கூப்பிடுற மாதிரி. பொறகு சத்தமா. வேன் கதவு சாத்தின பொறகும் உள்ள இருந்து கேட்டிச்சு."

"புத்தகத்தின்ர பேர்?"

"அது ஒண்டும் சொல்லல்ல அக்கா. ஒங்களத்தான் கூப்பிட்டார்."

ஜெகதீஸ்வரி யன்னலடிக்குப் போய் நின்றாள். மீன் சட்டியில் இலையான் மொய்த்தது. ருக்கியாவே திரும்பத் தொடங்கினாள், இப்போது இரகசியம் சொல்கிற குரலில்.

"நான் யன்னல சாத்தினேன். நான் மட்டுமில்ல, முழு லேனும் சாத்திச்சு. ஒவ்வொரு யன்னலா சாத்துற சத்தம் எனக்குக் கேட்டிச்சு. சாத்தினா அந்தக் குரல் நிண்டு போகும் எண்டு நெனச்சேன் அக்கா." அவள் சாத்திய யன்னலைப் பார்த்தாள். "தொறந்தா ஒண்டுமில்ல. சாத்தினாத்தான் கேக்குது. தொறக்கவும் பயமாயிருக்கு, சாத்தவும் பயமாயிருக்கு."

"உனக்குமா?" என்று மட்டும் ஜெகதீஸ்வரி கேட்டாள்.

மேலே வந்தவள் ஓடர் எதுவும் இல்லாமலே அடுப்பை மூட்டினாள். பல்கனிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். சேலைத் துண்டை இடுக்கில் அடைத்தாள். மிளகாய் கறுத்துப் புகை எழும்பியது. குரல் வந்தது. இத்தனை நாளும் பிடிபடாத சொல் இப்போது தண்ணீர் தெளிந்த மாதிரித் தெளிவாகக் கேட்டது.

"இஞ்சாரும்."

ஒரு வருசமாக அந்த மனிதர் கீழே நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், இவள் ஏதோ தலைப்புத் தேடிக்கொண்டு காதைத் தீட்டியிருக்கிறாள். அவளுக்குத் தன்மீதே ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அகப்பையை விடாமல், கதவைத் திறக்காமல், நின்ற இடத்திலிருந்தே பதில் சொன்னாள்.

"ஓம், கேக்குது. இஞ்சதான் நிக்கிறன்."

குரல் நின்றது. மிளகாய் கருகிப்போனது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை, குசினி நிலத்தில் குந்தியிருந்து வயிறெரிய அழுதாள். அதற்குப் பிறகு வந்த நாட்களில் எத்தனை தாச்சி வறுத்தும் ஒழுங்கையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கேட்டபோது இருந்த பயத்தைவிட, கேட்காதபோது வந்த பயம் பெரிதாக இருந்தது.

மாசி பிறக்கிறதற்கு முதல்நாள் மஜீட் வந்தார். பிரவுண் தாள் உறைக்குள் அட்டையின் மாதிரி இருந்தது: நீல நிறம், கீழே எழுதியவரின் பேர், மேலே தலைப்புக்கு விட்ட வெறும் இடம்.

"பேர் கெடச்சிச்சா அக்கா?"

"அவர் கண்டுபிடிச்ச பேர் அவரோடயே போட்டுது, மஜீட். அதை அவர் வந்துதான் சொல்லவேணும். இப்ப நான் ஒரு பேர் வைச்சிருக்கிறன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இஞ்சாருங்கோ."

மஜீட் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நிமிர்ந்தார். பிறகுதான் விளங்கியது.

"இது புத்தகத்துக்குப் பேரா அக்கா? எல்லா வீட்டுலயும் பொம்பிளைங்க கூப்பிடுறதுதானே? யாரக் கூப்பிடுறது எண்டு எப்பிடித் தெரியும்?"

"கூப்பிடுற ஆளுக்குத் தெரியும்."

"அண்ணன் ஒத்துக்குவாரா?"

"அவர் செய்யிற மாதிரிக் கீழ நிண்டு ஒருக்காக் கூப்பிட்டுப் பாப்பம். ஆள் திரும்பாட்டி அத்தான் சொன்ன பேரையே போடுங்கோ. நான் மறுபேச்சுப் பேசமாட்டன். பொட்டையும் அழிக்கிறன்."

மஜீட் தடுத்துப் பார்த்தார். சந்தியில் ஆமிக்காரன் நிற்கிறான் என்றார். நேற்றும் பக்கத்து ஒழுங்கையில் ரவுண்டப் நடந்து ஆட்களைப் பிடித்தார்கள் என்றார். அவள் கேட்கவில்லை. அடுப்பு பற்றவைக்கவில்லை என்பதை ஒருமுறை பார்த்தாள். பல்கனிக் கதவின் உட்தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். வாசற்கதவைப் பூட்டித் திறப்பை உருவி, அந்தச் சாவியைக் கையில் பொத்திக்கொண்டு படி இறங்கினாள். மஜீட் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

மத்தியான வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஒழுங்கை வெறிச்சோடிக் கிடந்தது. எல்லா மாடியிலும் யன்னல்கள் சாத்தித்தான் இருந்தன. தேங்காய்க் கடைக்காரன் விசுப்பலகையில் தூங்கி வழிந்தான். ஜெகதீஸ்வரி கேற்றடியில், புருஷன் நின்று கூப்பிடுகிற இடத்தில் போய் நின்றாள். அவரைப் போலவே தொண்டையைச் செருமினாள். பாதையில் நின்று உரத்துப் பேசியே அறியாதவள், தமிழில், முழுக் குரலில் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ!"

குரல் சுவர்களில் பட்டு மேலே ஏறியது. கடல் பக்கம் காற்று நின்றுபோன மாதிரி இருந்தது. முதலில் ருக்கியாவின் யன்னல் திறந்தது, ஒரு வருசத்துத் துருவோடு கிறீச்சிட்டுக்கொண்டு. பிறகு அதற்கு மேல் யன்னல். எதிர்ப் பக்கத்து மாடியில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று. பென்சன்காரர் ஒருவர் வாயில் பல் இல்லாமல் எட்டிப் பார்த்தார். சவரம் செய்துகொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு வந்தார். பனியன் போட்டவர், பத்திரிகை பிடித்தவர் என்று, அன்றைக்குச் சாத்திய யன்னல் எல்லாவற்றிலும் யாரோ ஒரு மனுசியின் புருஷன் வந்து நின்றார். சந்தியில் நின்ற ஆமிக்காரப் பொடியன்கூடத் தன்னை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கீழே நின்றவளைப் பார்த்ததும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஜெகதீஸ்வரி அவர்களைப் பார்க்கவில்லை. அவள் கண் மேல்மாடியில் இருந்தது.

பல்கனிக் கதவு திறந்திருந்தது. அங்கிருந்து மிளகாய் வறுக்கிற மணம் ஒழுங்கைக்கு இறங்கி வந்தது. எதிர் மாடியில் யாரோ தும்மினார்கள். பல்கனிக் கம்பியில் இரண்டு கையையும் ஊன்றியபடி, கூப்பிட்ட குரலுக்கு எழும்பி வந்த ஆளாக, ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் கண்ணில் அடித்ததில் முகம் தெரியவில்லை.

மஜீட் வாய்க்குள் ஏதோ ஓதத் தொடங்கினார்.

"அக்கா... வீட்டப் பூட்டிட்டுத்தானே வந்தோம்? மேல யாரு?"

அவள் கண்ணை எடுக்கவில்லை. பொத்திய கையை விரித்துத் திறப்பை அவருக்குக் காட்டினாள்.

"பேர் சரி, மஜீட்," என்றாள். "அச்சடியுங்கோ."